புதிய நூலும் அதன் துணை நூலும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் சாசனத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இங்கே பேச வருகிறவர் தம் காலத்தில் வெளிவந்த தமிழ் நூல்களைப் பற்றியே பேச வேண்டும். சங்க இலக்கியத்துக்கும் கம்பனுக்கும் பாரதிக்கும் வேறு மேடைகள் நிறைய உண்டு என்று நிறுவனர் கருதியிருக்கிறார். அவரை நான் அறியேன். ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து அவர் எப்படிப்பட்ட வாசகர் என்று தெரிந்துகொள்ள முடிகிறது. புதிதாக வந்த புத்தகத்தைக் கையில் எடுத்து, அதைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். அப்படிப்பட்டவர்களால்தான் தமிழில் புத்தகங்கள் உயிரோடு இருக்கின்றன.

புதிய புத்தகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் பெரியவர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுண்டு: காலம் தீர்ப்புச் சொல்லும். எனக்கு இதில் உடன்பாடில்லை. காலம் எதையும் வாசிப்பதில்லை. ஒரு நூல் ஐம்பது ஆண்டு கழித்தும் நிற்கிறதென்றால், அது வந்த புதிதில் யாரோ சிலர் அதை வாசித்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், மறுபதிப்புக்கு அலைந்திருக்கிறார்கள். பாரதியைப் பற்றிப் பேசாதே என்பது நிபந்தனையானாலும், பாரதியின் புத்தகங்கள் புதிதாக இருந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில் தவறிருக்காது என்று நினைக்கிறேன். 1920-இல் அவர் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றையும் 10,000 படிகள் அச்சிட வேண்டும் என்பது திட்டம். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். 1922-இல் செல்லம்மா பாரதி ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் கணவரின் பாடல்களை அச்சேற்றினார். அதன் பிறகு எத்தனையோ கைகள் சேர்ந்து, 1949-இல் அரசே பதிப்புரிமையைப் பெறும் நிலை வந்தது. இதில் காலம் செய்த வேலை என்ன? எல்லாம் மனிதர்கள் செய்தது.

சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தியவர். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் நல்ல நூல்களை விற்றவர். 85 வயதில், 1997-இல், ‘சுதந்திர தாகம்’ என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001-இல் வந்தது. விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர் புத்தகம் புதிதாக இருந்த அந்த ஓராண்டில் நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் கேள்வி.

புதிய நூல்களைக் கவனிப்பது ஒரு கடமை என்று சொல்லி முடித்துவிட நான் வரவில்லை. எப்படிக் கவனிப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு புதிய நாவலுக்கு நல்ல துணை, அதே மண்ணையும் அதே மனிதர்களையும் பற்றிய ஓர் ஆய்வு நூல் அல்லது வாழ்க்கை வரலாறு அல்லது பயணநூல். அதேபோல ஒரு வரலாற்று நூலை வாசித்து முடித்தவர் அடுத்து எடுக்க வேண்டியது அந்த வரலாறு நடந்த மண்ணிலிருந்து வந்த நாவலை. புனைவையும் அபுனைவையும் இணை இணையாக வாசிக்க வேண்டும். நம்மிடம் இப்போது அந்த வழக்கம் இல்லை. நாவல் வாசிப்பவர் ஆய்வு நூல் பக்கம் போவதில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவர் சமகால நாவலைத் தொடுவதில்லை. இரண்டு பக்கமும் புத்தகங்கள் வாசகரில்லாமல் தவிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முன்பு அப்படி இருக்கவில்லை. 1865-இல் ஜான் மர்டாக் என்ற பாதிரியார் அதுவரை அச்சான தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். 1867-இல் அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்யும் சட்டம் வந்தபின், சென்னை மாகாணத்தில் வெளிவந்த நூல்களின் பட்டியலை அரசே காலாண்டுதோறும் வெளியிட்டது. அந்தப் பட்டியல்களில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, அச்சிட்ட படிகள் எல்லாம் இருக்கும். அவற்றைப் புரட்டினால் கதையும் வைத்தியமும் சமய விவாதமும் கணக்கு நூலும் அடுத்தடுத்து வருகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுப் பெட்டியில் இவை எல்லாம் ஒன்றாகவே கிடந்திருக்கும்.

பின்னாளிலும் இப்படிப் புனைவையும் அபுனைவையும் சேர்த்துத் தருவதை அறிந்தே செய்த ஒரு பதிப்பகம் இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960-களில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல விரும்புவது வேறு இரண்டு நூல்களை. 1969-இல் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ வந்தது. காவிரி கடலோடு சேரும் பக்கத்தில், ஒரு வனத்தை வெட்டியும் எரித்தும் அழித்து, அங்கே கரும்பாலை வைக்க முனையும் ஒருவனின் கதை. 1971-இல் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய், வாழி, காவேரி’ வந்தது. குடகில் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல் முகம் வரை போய்ப் பார்த்து எழுதிய பயணநூல். ஒரே ஆறு, ஒரே பதிப்பகம், இரண்டாண்டு இடைவெளி. நாவல் ஆற்றின் கடைமடையில் நின்று ஓர் அழிவைக் காட்டுகிறது. பயணநூல் முழு ஆற்றையும் காட்டி, அந்தக் கடைமடைக்கு வந்துசேரும் நீர் எங்கெல்லாம் அலைந்து வருகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தவருக்கு டெல்டா வேறு விதமாகத் தெரியும். இதே வட்டம் 1968-இல் ‘அக்கரை இலக்கியம்’ என்ற தொகுப்பின் மூலம் கடல் கடந்த தமிழர்களின் எழுத்தையும் இங்கே கொண்டுவந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பட்டியல் அவர்களுடையது.

இனி நம் காலத்து நூல்கள்.

சோ. தர்மனின் ‘சூல்’ 2016-இல் வெளிவந்தது. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கோவில்பட்டிப் பக்கம் உருளைக்குடி என்ற கரிசல் ஊரும் அதன் கண்மாயும்தான் நாவல். எட்டயபுரம் ஜமீன் காலத்திலிருந்து சுதந்திரத்துக்குப் பிந்தைய காலம் வரை நீள்கிறது. கண்மாய் ஊரார் கையை விட்டு அரசின் கைக்குப் போவதும், அதோடு ஊரின் வாழ்வு கலைவதும் நாவலின் பெரிய ஓட்டம். நீர்ப்பாய்ச்சி என்ற மனிதர் அதில் எனக்கு முக்கியமானவர். மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம், மறுகால் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சம்பளத்துக்காக மட்டும் செய்கிற வேலையாக அது இல்லை. ஊர் முழுவதின் வயிறும் அவர் கண்ணில் இருக்கிறது. கரம்பை மண் அள்ளுவது, கரை காப்பது, மீன் பிடிப்பது, மரத்தில் அடையும் பறவை, மடைக்குள் காவலிருக்கும் தெய்வம் என ஒரு கண்மாயைச் சுற்றி இத்தனை வாழ்க்கை இருக்க முடியுமா என்று வியக்க வைக்கும் நூல்.

இதை வாசித்து முடித்ததும் நான் தேடிப்போனது பழ. கோமதிநாயகத்தின் ‘தமிழகப் பாசன வரலாறு’. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர் எழுதிய நூல். அதோடு நக்கீரனின் ‘நீர் எழுத்து’. நாவலில் உருளைக்குடி ஒரே ஊர். இந்த நூல்களில் தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் ஒரு பெரிய வலையாக விரிகின்றன. ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அது நிரம்பி அதற்கடுத்ததற்கு. ஆகவே ஓர் ஊரின் நீர்ப்பாய்ச்சி கண்ணயர்ந்தால் கீழே இருக்கும் ஊர்களும் அதைத் தாங்க வேண்டும். நாவலில் ஒரு மனிதரின் கடமையுணர்வாகத் தெரிந்தது, பாசன வரலாற்றைப் படித்தபின் ஒரு சங்கிலியின் கண்ணியாகத் தெரிகிறது. நீர்ப்பாய்ச்சியின் மீது எனக்கிருந்த மதிப்பு அதனால் கூடியது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ‘சூல்’ பழைய ஊர்க் கட்டுப்பாட்டின் மீது மிகுந்த பரிவு கொண்ட நாவல். அந்தப் பரிவு அதன் பலம். சில இடங்களில் அது அளவு மீறுகிறது என்பது என் கருத்து. கண்மாயில் மண் சுமந்தவர்கள் எல்லோரும் கண்மாய் நீரில் ஒரே உரிமை பெற்றவர்களாக இருந்ததில்லை. சாதிப்படியே உழைப்பும் சாதிப்படியே நீரும் இருந்த உலகம் அது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வரத் தவறியவரிடம் அந்த உழைப்புக்கு ஈடாகப் பணம் வசூலிக்க அது வழிசெய்தது. சட்டம் போட்டு ஆளைக் கூட்ட வேண்டிய நிலை 1858-லேயே வந்துவிட்டது என்றால், ஊரொற்றுமை என்ற ஒன்று சுதந்திரத்துக்குப் பிறகுதான் குலைந்தது என்று சொல்ல முடியாது. நாவல் ஒரு வீழ்ச்சியைக் காட்டுகிறது. அந்த வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்பதைத் துணை நூல் திருத்திச் சொல்கிறது. நாவல் வந்ததற்கு மறு ஆண்டு, 2017-இல், தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் விவசாயிகளையும் பொறியாளர்களையும் உட்காரவைத்து ‘சூல்’ நாவலையும் பாசன வரலாற்றையும் சேர்த்து விவாதித்திருக்கலாம். அப்படி ஒரு நல்ல வாய்ப்பு ஒரு நாவலுக்கு எளிதில் வராது.

அடுத்த இணை வரலாற்றைச் சேர்ந்தது. மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’ நாவல் 2022-க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், சிவகங்கையின் மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு சேர்த்து மொத்தம் 73 பேரையும் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கு நாடு கடத்தியது. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அவர்களில் ஒருவன். அப்போது அவன் சிறுவன். வேங்கை பெரிய உடையணத் தேவர் பின்னர் சுமத்ராவின் பென்கூலனுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே 1802-இல் இறந்தார். பள்ளிப் பாடத்தில் 1801 தூக்குமரத்தோடு முடிந்துவிடும். இந்த நாவல் அதற்குப் பிறகு கப்பலில் ஏறுகிறது. நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கடல் என்னவாக இருந்தது என்பதை ஆவணம் சொல்லாது. நாவல்தான் சொல்ல முடியும்.

இதற்குத் துணையாக நான் வைப்பது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. இது 2024-க்கான அகாதெமி விருது பெற்ற ஆய்வு நூல். நாவல்களும் சிறுகதைகளும் அடுத்தடுத்துப் பெற்றுவந்த விருது ஓர் ஆய்வு நூலுக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி. என்ற பெரிய பெயரின் நிழலில் மறைந்துபோன கூட்டத்தை, அதில் நின்ற சாமானியர்களை, அவர்கள் மீது நடந்த வழக்குகளை ஆவணம் ஆவணமாகத் தேடி எடுத்து வைக்கிறது இந்நூல். இதே ஆசிரியர் 2021-இல் ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ என்ற சிறு நூலையும் எழுதினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகக் கொடுத்த பணம் காந்தியிடம் தங்கி, பிறகு வ.உ.சி.யின் கைக்கு வந்த கதை. சிறைவாசத்துக்குப் பின் வறுமையில் இருந்த மனிதருக்கு அந்தத் தொகை என்ன பொருள் தந்தது என்பதைக் கடிதங்களின் தேதிகளே சொல்லிவிடுகின்றன. ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. ஒரு நல்ல நாவலாசிரியர் செய்வதும் அதுதான்.

‘காலா பாணி’யையும் இந்நூல்களையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படுகிறது. 1801-க்கும் 1908-க்கும் இடையில் நூறாண்டுக்கும் மேல் இருக்கிறது. நாடு கடத்தல், வழக்கு, தண்டத் தீர்வை என்று அடக்குமுறையின் கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. இரண்டிலும் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலைவர்கள் அல்லர். நாவலாசிரியர் அவர்களுக்கு முகம் கொடுக்கிறார், ஆய்வாளர் பெயர் கொடுக்கிறார். முகமும் பெயரும் சேர்ந்தால்தான் ஒரு மனிதர் நம் நினைவில் தங்குவார்.

ஈழத்திலிருந்து வந்த எழுத்தைச் சொல்லாமல் கடந்த பத்தாண்டுத் தமிழ் நூல்களைப் பற்றிப் பேச முடியாது. 2015-இல் சயந்தனின் ‘ஆதிரை’ வந்தது. போரின் பல பத்தாண்டுகளில் எளிய மனிதர்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்ததைச் சொல்லும் நாவல். 2016-இல் தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ வந்தது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவில் பொறுப்பிலிருந்தவரின் தன்வரலாறு. நூல் வருமுன்பே, 2015 அக்டோபரில், அவர் நோயால் இறந்துபோனார். தன்வரலாறு இயக்கத்தின் உள்ளிருந்து பேசுகிறது. நாவல் இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் நடுவில் அகப்பட்ட வீடுகளிலிருந்து பேசுகிறது. இந்த இரண்டையும் வைத்து யார் சரி, யார் தவறு என்று வழக்காடியவர்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. ஒன்றை வாசித்தவர் மற்றதையும் வாசிக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு துயரம் பட்ட ஒரு மக்களைப் பற்றி ஒரே நூலோடு முடிவுக்கு வருவது நியாயமாகாது.

துணை நூல் சொல்லாவிட்டாலும் குறிப்பிட வேண்டிய நூல்கள் இரண்டு. தேவிபாரதியின் ‘நீர்வழிப்படூஉம்’ கொங்குநாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்வைச் சொல்லும் நாவல். காரு மாமா என்பவரின் சாவுக்கு உறவுகள் வந்துசேர்வதில் தொடங்கி, அளவில் சிறியதாக இருந்துகொண்டே ஒரு சமூகத்தையே கண்முன் கொண்டுவருகிறது. அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்பைக் குறிப்பிடும்போது ஒரே ஒரு செய்தி. அம்பை தம் சிறுகதைகளுக்கு இணையாக, 1988-இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தை நிறுவி, பெண்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து வருபவர். நான் சொல்லும் இணை வாசிப்பை அவர் தம் வாழ்க்கையிலேயே செய்திருக்கிறார்.

இப்போது என் மனதை மிகவும் தொந்தரவு செய்யும் ஒரு நாவலுக்கு வருகிறேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’, 2018. தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியை வீட்டார் விருப்பத்துக்கு எதிராக மணக்கிறாள். பிறகு உடலெல்லாம் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டின் வாசலில் நடக்கிறது. மகளோடு பேசாமலிருந்த அப்பா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பணத்தால் அங்கே எதுவும் ஆகவில்லை. எரிந்த உடலோடு வார்டுக்குள் கொண்டுவரப்படும் மற்றப் பெண்களையும் அவர்களுடைய உறவினர்களையும் இமையம் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று, நமக்குப் புரியும் காரணம் இன்னொன்று.

இந்த நாவலுக்குத் துணை நூல் எது? ஒரு தீக்காய வார்டில் முப்பது ஆண்டு வேலைபார்த்த செவிலியர் எழுத வேண்டிய நூல் அது. மரண வாக்குமூலம் வாங்க வந்த நீதித்துறை நடுவர் எழுத வேண்டியது. பிணவறை ஊழியரிடம் பேசி ஒரு பத்திரிகையாளர் தொகுக்க வேண்டியது. அந்த வார்டு வாசலில் இன்றும் பெற்றோர் நின்றுகொண்டிருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் செவிலியர் படிப்போ சட்டமோ இதழியலோ படிப்பவர்கள் இருந்தால், அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: பத்து ஆண்டு கழித்தாவது அந்த நூலை எழுதுங்கள். புனைவு எட்டிய இடத்தை அபுனைவு இன்னும் எட்டாத துறைகள் தமிழில் நிறைய இருக்கின்றன. மருத்துவமனை, நீதிமன்றம், தொழிற்சாலை, வங்கி, காவல்நிலையம் ஆகிய எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து எழுதுகிறவர்கள் வேண்டும்.

பதிப்பாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தமிழ் ஆய்வு நூல்கள் பலவற்றில் பின்னிணைப்பாகப் பொருளடைவு இருப்பதில்லை. 400 பக்க நூலில் ஓர் ஊரின் பெயரைத் தேட வேண்டுமானால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கிறது. ஒரு நாவலாசிரியர் அந்த நூலைப் பயன்படுத்த நினைத்தால் அங்கேயே சோர்ந்துபோவார். நிலப்படமும் கிடையாது. க்ரியா ராமகிருஷ்ணன் 1974-இல் பதிப்பகம் தொடங்கியதிலிருந்து 2020 நவம்பரில் மறையும் வரை, நூலின் ஒவ்வொரு உறுப்பும் வாசகருக்குப் பயன்பட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தம் அகராதியின் திருத்திய பதிப்பை மருத்துவமனையில் இருந்தபடி வெளியிட்டவர் அவர். அந்தப் பிடிவாதம் தனி மனிதரோடு போய்விடக் கூடாது.

நூல்கள் அச்சாகும் விதமும் மாறிவிட்டது. முன்பு முதல் பதிப்பு என்றால் 1,000 படிகள், 1,200 படிகள். நூலக ஆணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அச்சிடுவார்கள். ஆணை வராத ஆண்டில் பதிப்பாளர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு, இருநூறு படிகள் போட்டுப் பார்க்கலாம். எழுதுகிறவருக்கு இது நல்லது. பணமில்லாததால் அச்சேறாமல் போகும் நிலை குறைந்திருக்கிறது. ஆனால் நூறு படி மட்டும் அச்சான நூல் ஆசிரியரின் நண்பர்களோடு நின்றுவிடும். யாராவது ஒருவர் அதைப் பற்றி எழுதினால்தான் அடுத்த நூறு. ஆகவே மதிப்புரையின் வேலை முன்னைவிட இன்று பெரிது. ‘புத்தகம் பேசுது’, ‘உங்கள் நூலகம்’ போன்ற இதழ்கள் அதை விடாமல் செய்து வருகின்றன. க.நா. சுப்ரமண்யம் 1950-களில் எழுதிய ‘படித்திருக்கிறீர்களா?’ கட்டுரைகளை இன்றைய மதிப்புரையாளர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எவ்வளவு குறைந்த இடத்தில் ஒரு நூலை வாசகர் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்! நூலின் மீது தமக்குள்ள அன்பையும் ஒளிக்கவில்லை, மனக்குறையையும் ஒளிக்கவில்லை.

புத்தகக் காட்சிகளின் பங்கு பெரியது. 1977-இல் சென்னையில் அண்ணா சாலைப் பள்ளி வளாகம் ஒன்றில் சில கடைகளோடு தொடங்கியது, இன்று மாவட்டந்தோறும் நடக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் நடக்கும் விழாவுக்குக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆனால் காட்சி பத்து நாள், பன்னிரண்டு நாள். மீதி நாட்களுக்கு நூலகம்தான் இருக்கிறது.

நூலகம் என்றதும் சீர்காழி தந்த ரங்கநாதனை நினைக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தவர். அந்த விதிகளை அவர் நூலாக வெளியிட்ட 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடியான பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. கட்டடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது. ஒரு புதிய நூலை இன்னொரு நூலோடு சேர்த்து வாசகர் கையில் கொடுக்கும் வேலை மட்டும் பாக்கி.

நூலக அடுக்குமுறையில் ‘சூல்’ தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811 என்ற எண்ணில் ஓர் அலமாரியில் இருக்கும். பாசன வரலாறு வேறு எண்ணில், வேறு தளத்தில்கூட இருக்கலாம். அந்த ஒழுங்கைக் கலைக்கச் சொல்லவில்லை, அது வேண்டும். இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இன்று எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதியத்தில், நான் இங்கே பெயர் சொன்ன நூல்களை வாங்கி, நாம் கூடியிருக்கும் இந்நூலகத்துக்குக் கொடுங்கள். ‘சூல்’ நாவலின் முதல் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, அதில் பாசன வரலாற்று நூலின் பெயரையும் அடுக்கு எண்ணையும் எழுதுங்கள். பாசன வரலாற்று நூலுக்குள் ‘சூல்’ நாவலின் எண் இருக்கட்டும். ‘காலா பாணி’க்குள் வ.உ.சி. நூலின் எண், ‘ஆதிரை’க்குள் தமிழினியின் நூலின் எண். ‘செல்லாத பணம்’ நாவலில் ஒட்டும் சீட்டில் எண்ணுக்குரிய இடத்தை இப்போதைக்கு நிரப்ப வேண்டாம். அடுத்த ஆண்டு இங்கே பேச வருகிறவர் அவ்வாண்டு வந்த நூல்களிலிருந்து இன்னும் சில இணைகளைச் சேர்க்கட்டும். இரவல் பதிவேட்டைப் பார்த்து, சீட்டைப் பின்தொடர்ந்து இரண்டாவது நூலை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று நூலகர் அப்போது நமக்குச் சொல்லட்டும்.